டென்னசிக்குக் கை தட்டிய மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ ஆரம்பித்த பேச்சை உன் அக்கா பாதியில் வெட்டிவிட்டாள். ஊருக்கு டிக்கெட் போடுவதைப் பற்றிப் பேச உட்கார்ந்த இடத்தில் ஃபுட்பால் எதற்கு என்று திட்டு எனக்குத்தான் விழுந்தது. ஆரம்பித்தவன் நீ என்பதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். "மூணு வருஷம் தொடர்ந்து பிக் டென் டீம்தான் தேசியக் கப் அடிச்சா ஆச்சா மாமா? டெப்த்னு பார்த்தா, மேல இருக்கிற ரெண்டு மூணு டீம் மட்டுமில்லாம கீழ வரைக்கும் பலம்னு பார்த்தா, இன்னிக்கும் எஸ்.இ.சி.தான்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் கை மாறிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கூடப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் 2025 கணக்குப்படி 136 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது வெறும் 12 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே கிடையாது. கான்ஃபரன்ஸ் என்று குழு கட்டிக்கொண்டு பெரும்பாலும் அதற்குள்ளேயே ஆடுகிறார்கள். தெற்கே 16 கல்லூரிகள் சேர்ந்தது எஸ்.இ.சி. வடக்கே தொடங்கி இப்போது மேற்குக் கரை வரைக்கும் போய்விட்ட 18 கல்லூரிகள் பிக் டென். பெயரில்தான் பத்து, அதைக் கேட்காதீர்கள். சீசன் முடிந்ததும் டெக்சஸில் கிரேப்வைன் என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் கமிட்டி ஒன்று உட்கார்ந்து அணிகளை வரிசைப்படுத்தும். அந்த வரிசையை வைத்துத்தான் ப்ளேஆஃப். 2014இலிருந்து நான்கு அணிகள், 2024இலிருந்து பன்னிரண்டு.

சரி, மச்சான். 2024 டிசம்பர் 21 ராத்திரி, பிக் டென்னின் எங்கள் ஓஹாயோ ஸ்டேட்டும் எஸ்.இ.சி.யின் டென்னசியும் ப்ளேஆஃபில் மோதியது உனக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸ் லீவுக்கு அட்லாண்டாவிலிருந்து வந்திருந்தாய். கொலம்பஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. நீ கொண்டுவந்தது அட்லாண்டா ஜாக்கெட், அதாவது ஜாக்கெட் மாதிரி ஒன்று. என் கனமான கறுப்புக் கோட்டை உனக்குக் கொடுத்துவிட்டு, நான் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். கார் பார்க்கிங்கில் ஃபிளாஸ்கைத் திறந்து உன் அக்கா போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியை மூடியில் ஊற்றினால், உதட்டுக்குப் போவதற்குள் பாதி ஆறிவிட்டது. உள்ளே போனால் எங்கள் ஸ்டேடியமா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஆரஞ்சு நிறம். டென்னசிக்காரர்கள் அவ்வளவு டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

நீ ஜார்ஜியாவில் படித்தவன், அதுவும் எஸ்.இ.சி.தான். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உங்கள் அணி டென்னசியை 31-17 என்று அடித்தது. அன்றைக்கு நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் டென்னசியைப் பற்றி நீ எழுதியதை அத்தை படித்திருந்தால் பூஜையறைக்குள் உன்னை விட்டிருக்க மாட்டார். அப்படிப்பட்ட நீ அந்த ராத்திரி ஆரஞ்சுக் கூட்டத்தோடு சேர்ந்து "எஸ்.இ.சி.! எஸ்.இ.சி.!" என்று கத்தினாய். முதல் குவார்ட்டர் முடிவதற்குள் ஓஹாயோ ஸ்டேட் 21-0. கடைசியில் 42-17. கத்தல் எப்போது நின்றது என்று நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் காப்பி தீர்வதற்கு முன்னாலேயே நின்றது.

கான்ஃபரன்ஸ் ஒன்று என்பதற்காகப் பகை அணிக்குக் கை தட்டுவது அன்றிலிருந்து எனக்குப் புரியாத ஒன்று. எங்களைப் போலவே பிக் டென்னில் இருக்கிற மிஷிகனுக்கு நான் கை தட்டி நீ பார்த்திருக்கிறாயா? 2023 சீசனில் அவர்கள் ரோஸ் பவுலில் அலபாமாவை 27-20 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்து, அப்புறம் வாஷிங்டனையும் அடித்துக் கப் வாங்கினார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் நமக்கு என்ன வேலை? நீயோ பங்காளி வீட்டுச் சீரையும் உன் கணக்கில் எழுதிக்கொள்கிறாய். சித்தப்பா கலெக்டராக இருந்தால் நமக்கும் சிவப்பு விளக்குக் கார் என்கிற நினைப்பு.

உங்கள் எஸ்.இ.சி.யின் பொற்காலத்தையே எடுத்துக்கொள்வோம். 2006இலிருந்து 2012 வரை ஏழு தேசியப் பட்டங்கள் தொடர்ச்சியாக. ப்ளேஆஃப் வந்த பிறகு முதல் ஒன்பது சீசனில் ஆறு. யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறையும் பிரித்துப் பார். அலபாமா மூன்று, ஜார்ஜியா இரண்டு, எல்.எஸ்.யு. ஒன்று. அதே எஸ்.இ.சி.யின் கென்டக்கியும் மிசிசிப்பி ஸ்டேட்டும் அதில் என்ன செய்தன? உதை வாங்கின. அலபாமாவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் என்கிற ஒரு மனிதர் அவர்கள் ஊரான டஸ்கலூசாவில் கட்டிய கோட்டையை நாம் 'கான்ஃபரன்ஸ் பலம்' என்று பெயர் வைத்து இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோமோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி நீ சொல்கிற டெப்த். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேள். 2025 வரை எஸ்.இ.சி.யில் ஒவ்வொரு அணியும் உள்ளுக்குள் எட்டு ஆட்டம் ஆடியது. பதினாறு அணி, ஆளுக்கு எட்டு, மொத்தம் 64 ஆட்டம். அதில் 64 வெற்றி, 64 தோல்வி. கான்ஃபரன்ஸ் சொக்கத் தங்கமாக இருந்தாலும் சரி, பித்தளையாக இருந்தாலும் சரி, இந்த எண் மாறவே மாறாது. காலங்காலமாக எஸ்.இ.சி.யின் அடிவரிசையில் கிடந்த வாண்டர்பில்ட் அலபாமாவை 2024 அக்டோபரில் 40-35 என்று தோற்கடித்தது. வாண்டர்பில்ட் வளர்ந்துவிட்டது என்றும் சொல்லலாம், அலபாமா சரிந்துவிட்டது என்றும் சொல்லலாம். உள்ளாட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது உண்மை என்று எப்படிச் சொல்வாய்? வெளியாட்களோடு ஆடினால்தான் தெரியும். அந்த வெளி ஆட்டம் ஆளுக்கு நாலு. அதிலும் ஒன்றிரண்டு மெர்சர் போன்ற சின்னக் கல்லூரிக்குச் செக் எழுதிக் கொடுத்து வரவழைத்து அடிப்பது. 2024 நவம்பர் நடுவில், நாடே சூடாகிக் கிடக்கிற வாரத்தில், அலபாமா மெர்சரை 52-7 என்று 'வென்றது'.

பெரிய அணியும் பெரிய அணியும் கான்ஃபரன்ஸ் தாண்டி மோதுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2025 சீசன் தொடக்கத்தில் ஓஹாயோ ஸ்டேட் எஸ்.இ.சி.யின் டெக்சஸை 14-7 என்று வென்றது. நேர்மையாக எஸ்.இ.சி. ஜெயித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே போட்டுவிடுவாய்: உங்கள் ஓக்லஹோமா மிஷிகனை 24-13, அலபாமா பிக் டென்னின் விஸ்கான்சினை 38-14. அதே அலபாமா முதல் ஆட்டத்தில், ஏ.சி.சி. என்கிற வேறொரு கான்ஃபரன்ஸின் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று தோற்றது. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் சீசனை 5-7, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடித்தது. இந்தக் கைப்பிடி அளவு ஆட்டங்களை வைத்துத்தான் 34 கல்லூரிகளில் எந்தக் கூட்டம் உசத்தி என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

தீர்ப்பு ஆகஸ்டிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒரு பந்துகூட எறியாத நேரத்தில், பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்துகிற ஏ.பி. பட்டியலில் ஏழெட்டு எஸ்.இ.சி. அணிகள் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அவர்களுக்குள் யார் ஜெயித்தாலும் 'தரவரிசை அணியை வென்றார்கள்', யார் தோற்றாலும் 'தரவரிசை அணியிடம் தோற்றார்கள்'. மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். 2025 டிசம்பரில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் ஒரே நாளில் நடந்தன. பிக் 12 என்கிற இன்னொரு கான்ஃபரன்ஸில் பி.ஒய்.யு. டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றது, கமிட்டி வரிசையில் ஒரு படி இறங்கியது. அலபாமா உங்கள் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றது, ஒன்பதாம் இடத்திலிருந்து அசையவில்லை. மூன்று தோல்வியோடு ப்ளேஆஃப். இரண்டே தோல்வியோடு நோட்டர் டேம் வெளியே.

சரி, அந்த ப்ளேஆஃபையே பார்ப்போம். பன்னிரண்டில் ஐந்து இடம் உங்களுக்கு. ஓல் மிஸ் துலேனை அடித்தது. அலபாமா ஓக்லஹோமாவை அடித்ததும் ஓல் மிஸ் ஜார்ஜியாவை அடித்ததும் வீட்டுக்குள் நடந்த சண்டை, கணக்கில் வராது. வெளியாட்களோடு மீதி மூன்றும் தோல்வி: டெக்சஸ் ஏ அண்டு எம் ஏ.சி.சி.யின் மயாமியிடம் 10-3, அலபாமா பிக் டென்னின் இண்டியானாவிடம் 38-3, ஓல் மிஸ் மயாமியிடம் 31-27. ஒன்றுக்கு மூன்று. இறுதி ஆட்டத்தில் எஸ்.இ.சி. இல்லாத மூன்றாவது வருடம் அது.

இப்போது நான் துள்ளிக் குதிக்க வேண்டிய இடம். குதிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த மயாமி எங்களையும் 24-14 என்று அனுப்பிவைத்தது. இண்டியானா பிக் டென் இறுதியில் எங்களை 13-10 என்று வென்றது. அதற்கு முந்தைய வருடம் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் தோற்றதும் இதே 13-10. இந்த எண் இருக்கிற லாட்டரிச் சீட்டைக்கூட இனி நான் வாங்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 'பிக் டென் பலம்' என்று நான் மார் தட்டினால், அந்தக் கணக்கில் இண்டியானாவை நான் எப்போதாவது சேர்த்திருந்தேனா? 2023இல் அவர்கள் 3-9. எங்களுக்கு அது ஆண்டுதோறும் வருகிற சுலபமான சனிக்கிழமை. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்தார், ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியில் தன்னிடம் ஆடிய பையன்களைக் கூட்டிக்கொண்டு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்காக, கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார். இரண்டாவது சீசனிலேயே 16-0, தேசியக் கப். மயாமியோடு ஆடிய இறுதி ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டரில், நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், மெண்டோசா தானே பந்தைக் கட்டிக்கொண்டு ஓடி, இடி வாங்கி, சுழன்று எல்லைக்கோட்டுக்கு அப்பால் எண்ட் ஸோனுக்குள் பாய்ந்தாரே, அப்போது நானும் எழுந்து நின்றுவிட்டேன். பிக் டென்னுக்காக இல்லை. அந்தப் பாய்ச்சலுக்காக.

அந்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் குவார்ட்டர்பேக் யார்? உங்கள் கார்சன் பெக். 2024இல் ஜார்ஜியாவுக்கு ஆடி, கான்ஃபரன்ஸ் இறுதியில் அடிபட்டு, அவர் இல்லாமல் நீங்கள் நோட்டர் டேமிடம் 23-10 என்று தோற்றீர்களே, அவரேதான். மயாமிக்குப் போய் இரண்டு எஸ்.இ.சி. அணிகளை வீட்டுக்கு அனுப்பினார். இதை ஏ.சி.சி. கணக்கில் எழுதுவதா, எஸ்.இ.சி. கணக்கில் எழுதுவதா? ஜார்ஜியாவை 39-34 என்று முடித்துக்கட்டிய ஓல் மிஸ்ஸின் ட்ரினிடாட் சாம்ப்லிஸ் எங்கிருந்து வந்தார்? மிஷிகன் மாநிலத்து ஃபெரிஸ் ஸ்டேட். இரண்டாம் டிவிஷன். எங்கள் 2024 கப்பும் அப்படித்தான். பின்வரிசையில் நின்ற கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து வந்தவர், இறுதி ஆட்டத்தில் டச்டவுன்கள் போட்ட குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து, குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து. அந்த அணிக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவு என்று எங்கள் விளையாட்டுத்துறைத் தலைவரே சொன்னார்.

2021இல் இரண்டு கதவுகள் திறந்தன. பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு வருடம் சும்மா உட்காராமல் கல்லூரி மாறலாம். முன்பெல்லாம் அலபாமாவின் மூன்றாவது வரிசையில் காத்துக்கிடந்த பையன் இப்போது சீசன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுகிறான். நீ சொல்கிற டெப்த் அங்கேதான் கரைந்தது என்று நான் நினைக்கிறேன்.

உன் பக்கத்தில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது, அதை நீ ஏன் இறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்டில், 2025இல் எஸ்.இ.சி.யிலிருந்து 79 பேர். அதுவரை எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் வாய்க்காத எண்ணிக்கை. பிக் டென் 71, அதுவும் இரண்டு கல்லூரி அதிகம் இருந்தும். ஆக, உங்கள் நடுவரிசை எங்கள் நடுவரிசையைவிடக் கனம்தான். எங்கள் பர்டூவையும் உங்கள் சவுத் கரோலினாவையும் பத்துத் தடவை மோதவிட்டால் என் பணத்தைப் பர்டூ மேல் கட்ட மாட்டேன். ஒப்புக்கொண்டுவிட்டேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள். ஆனால் அதற்காக ஆறாவது இடத்துக்காரருக்கும் ப்ளேஆஃப் சீட்டு கேட்கிறாயே, அங்கேதான் நான் நிற்கிறேன். 2024இல் 9-3 அலபாமாவை வெளியே விட்டது அநியாயம் என்று மூன்று நாள் எழுதினாய். டிசம்பர் 31 அன்று தாம்பாவில் அவர்கள் மிஷிகனிடம் 19-13 என்று தோற்றார்கள். ஏழு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்த மிஷிகன். பாதிப் பேர் ஆடவில்லை என்பாய். மிஷிகனிலும்தான் ஆடவில்லை.

எஸ்.இ.சி.யும் 2026இலிருந்து உள்ளாட்டத்தை ஒன்பதாக்குகிறது, பிக் டென் ஏற்கெனவே ஆடுகிற மாதிரி. நல்லது. 64 என்பது 72 ஆகும், பாதிக்குப் பாதி மாறாது. எனக்கு வேண்டியது வெளி ஆட்டம். 2026 செப்டம்பரில் நாங்கள் ஆஸ்டினுக்கு, டெக்சஸ் வீட்டுக்கே போகிறோம். அன்றைக்கு நீ ஜார்ஜியாச் சட்டையைப் போட்டுக்கொண்டு டெக்சஸுக்குக் கை தட்டப்போகிறாயா என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஜார்ஜியாவும் சிவப்பு, நாங்களும் சிவப்பு, அத்தை இன்னும் நாம் ரெண்டு பேரும் ஒரே கட்சி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

டிக்கெட் விஷயம் உன் அக்கா தனியாகப் பேசுவாள். அந்தக் கறுப்புக் கோட் ஒரு வருடத்துக்கு மேலாக உன்னிடமே இருக்கிறது. அட்லாண்டாவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? அடுத்த தடவை வரும்போது கொண்டு வா. இடது பையில் ஃபிளாஸ்க் மூடி இருக்கும், பார்.

அன்புடன்,
மாமா