கல்லூரி ஊர் நூலகங்களுக்கு: அற்பாயுள் இசைக்குழுக்களின் டேப்புகளை முதலில் எடுங்கள்

பல்கலைக்கழக நூலகங்களின் ஒலிக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சேப்பல் ஹில், ஏதென்ஸ், டேவிஸ் போன்ற அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் 1970களின் நடுவிலிருந்து எத்தனையோ பவர் பாப் குழுக்கள் (இனிய மெட்டும் துடிப்பான கிட்டாரும் சேர்ந்த ராக் இசை வாசித்தவை) முளைத்து, ஓரிரு ஆண்டிலேயே கலைந்துபோயின. அன்று இருபது வயதில் கிட்டார் பிடித்தவர்கள் இன்று எழுபதை எட்டுகிறார்கள். பரணில் கிடக்கும் டேப் பெட்டிகளை யாரிடமாவது ஒப்படைக்க நினைக்கும் வயது அது. அந்தப் பெட்டிகள் உங்கள் வாசலுக்கு வரும்போது, பெரிய பெயர்களுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நீண்ட நாள் நீடித்த குழுவுக்கு ரெக்கார்டு நிறுவனம் இருக்கும், வக்கீல் இருப்பார், மூலப் பதிவான மாஸ்டர் டேப்புக்கு நகலும் எங்காவது இருக்கும். சீக்கிரமே பிரிந்துபோன குழுவுக்குப் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு சுருள். அது போனால் போனதுதான்.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் இயங்கிய ஸ்னீக்கர்ஸ் குழுவைப் பாருங்கள். கிறிஸ் ஸ்டேமி, டிரம்ஸ் வாசித்த வில் ரிக்பி, பின்னர் மிட்ச் ஈஸ்டர் என்று வின்ஸ்டன்-சேலத்தில் பள்ளிக்காலம் முதலே ஒருவரையொருவர் அறிந்த பையன்கள். 1976இல் டான் டிக்ஸன் ஒலிப்பதிவு செய்ய, ஒரு 7 அங்குல இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். 1978இல் 'இன் தி ரெட்' வந்தபோது குழு என்று சொல்ல ஏறக்குறைய ஸ்டேமியும் ஈஸ்டரும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அவ்வளவுதான் கதை. மேடை ஏறியதும் குறைவு, விற்றதும் குறைவு.

ஆனால் அந்தச் சின்னத் தட்டின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறோம்! ஸ்டேமியும் ரிக்பியும் 1978இல் நியூயார்க்கில் டிபீஸ் குழுவில் இருந்தார்கள். ஈஸ்டர் 1980இல் வின்ஸ்டன்-சேலத்தில் தன் பெற்றோர் வீட்டு கராஜில் டிரைவ்-இன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1981 ஏப்ரலில் ஏதென்ஸிலிருந்து வந்து, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஆர்.இ.எம். குழு தன் முதல் சிங்கிளைப் பதிவு செய்தது அங்கேதான். 1983இல் வெளியான அந்தக் குழுவின் 'மர்மர்' ஆல்பத்தை ஈஸ்டரும் டிக்ஸனும் சேர்ந்து தயாரித்தார்கள். இன்னொன்றும் உண்டு, எங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஸ்டேமி நடத்திய 'கார் ரெக்கார்ட்ஸ்' என்ற குட்டி நிறுவனம்தான் 1978இல் பிக் ஸ்டார் குழுவின் கிறிஸ் பெல்லுடைய தனி சிங்கிளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி பெல் கார் விபத்தில் இறந்தார். தனிக் கலைஞராக அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது அந்த ஒரு தட்டுதான். அவருடைய பாடல்கள் ஆல்பமாக வர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்னீக்கர்ஸைப் போல எத்தனை சுருள்களில் எத்தனை தொடக்கங்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் "முக்கியத்துவம் உறுதியான பிறகு எடுப்போம்" என்ற கொள்கை இந்தத் துறையில் செல்லாது என்கிறோம். முக்கியத்துவம் உறுதியாவதற்குள் டேப் கெட்டுவிடும்.

கெடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பாலியுரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. ஆம்பெக்ஸ் 406, 456, ஸ்காட்ச் 226, 250 ஆகியவை இதில் பேர்போனவை. மழைக்காலத்து வெல்லம்போலப் பிசுபிசுத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். பழுப்பு மாவாக உதிரும். உதிர்ந்த மாவுதான் பாட்டு. எனவே "ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். முதலில் பெட்டியின் முதுகைப் படியுங்கள், பிறகு டேப்பின் முதுகைப் பாருங்கள். பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பெட்டியை மட்டும் நம்பக்கூடாது. காசில்லாத மாணவர்கள் ஒரு பெட்டியில் வேறு டேப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். ஸ்டூடியோவில் மிச்சமான சுருளை வாங்கி மேலே பதிந்திருப்பார்கள்.

பிசுபிசுக்கும் டேப்பை 54 டிகிரி செல்சியஸில் வாட்டினால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். கால் அங்குல டேப்புக்குச் சுமார் 8 மணி நேரம், 2 அங்குல டேப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்கோ மேலோ. சூடு ஏறி இறங்காமல் நிற்கும் ஆய்வக இன்குபேட்டர் இதற்கு நல்லது. சமையல் அவன் வேண்டாம், அதன் வெப்பம் ஏறி இறங்கும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே எடுத்ததும் ஓட்டாமல், வாட்டிய அளவு நேரம் அறை வெப்பத்திலேயே ஆறவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் டிஜிட்டல் பிரதி எடுத்துவிட வேண்டும். மறுபடி ஈரம் ஏறும்.

ஒரு பெரிய எச்சரிக்கை. அசிட்டேட் பிளாஸ்டிக்கை அடித்தளமாகக் கொண்ட பழைய டேப்பை வாட்டக்கூடாது, சுருங்கி நெளிந்து பாழாகும். சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடுக்குகளினூடே ஒளி கசிந்தால் அசிட்டேட், கறுப்பாக அடைத்து நின்றால் பாலியெஸ்டர். வினிகர் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்காட்ச் 206, 207 போன்றவற்றுக்குப் பொதுவாக வாட்டல் தேவைப்படுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றும் பழக்கம்தான் ஆபத்து.

அடுத்த தவறு டிராக் அமைப்பில், அதாவது டேப்பின் நீளவாக்கில் ஒலி பதிந்திருக்கும் பட்டைகளின் அமைப்பில் நடக்கிறது. இதில்தான் நல்ல பதிவுகள் "முழுமையற்றவை" என்று பட்டியலில் ஏறிப் புதைந்துபோகின்றன. அந்தக் காலத்துக் குழுக்கள் பல, டியாக் ஏ-3340எஸ் மாதிரியான கருவியில் கால் அங்குல டேப்பில் நான்கு டிராக்குகளையும் ஒரே திசையில் பதிந்தன. அதை, ஒரு திசைக்கு இரண்டு டிராக்குகளை மட்டும் படிக்கும் வீட்டு உபயோகக் கால்-டிராக் ஸ்டீரியோ கருவியில் போட்டால் 1ஆவது, 3ஆவது டிராக்குகள் மட்டும் கேட்கும். டிரம்ஸ் இருக்கும், பாட்டுக் குரல் இருக்காது. சுருளைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடும். டேப்பின் அகலத்தை இரண்டே பட்டைகளாகப் படிக்கும் அரை-டிராக் கருவியில் போட்டாலோ 1உம் 2உம் கலந்து இடப்பக்கம், 3உம் 4உம் கலந்து வலப்பக்கம். கேட்பவர் "மோசமான மிக்ஸ்" என்று எழுதி வைப்பார். மிக்ஸே அல்ல அது. காந்தப் பதிவைக் கண்ணுக்குக் காட்டும் வில்லையை டேப்பின் மேல் வைத்துப் பார்த்தால் எத்தனை பட்டைகள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

1979இல் வந்த டியாக் 144 போர்ட்டாஸ்டூடியோவின் கேசட்டுகளும் அப்படித்தான். அது வினாடிக்கு 3¾ அங்குல வேகத்தில், நான்கு டிராக்கையும் ஒரே திசையில் பதியும். சாதாரண டெக்கின் வேகம் அதில் பாதி. போட்டால் பாடகர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி இழுவையாகப் பாடுவார், அதுவும் இரண்டு டிராக்குகளில் மட்டும். இப்படிக் கேட்டுவிட்டுக் கழித்துப்போட்ட கேசட்டை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை.

டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பு பயன்பட்டிருந்தால் ஒலி கூர்மையாக, மேலும் கீழும் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அதை ஈக்வலைசர் வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். முதலில் டிகோட் செய்யாமல் (டிபிஎக்ஸ் மாற்றத்தை நீக்காமல்) அப்படியே ஒரு பிரதி, பிறகு டிகோட் செய்து இன்னொன்று. ரீல் டேப்புக்கான டைப் 1, கேசட்டுக்கான டைப் 2 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அசிமுத்தை, அதாவது ஹெட்டின் சாய்வுக் கோணத்தை, ஒவ்வொரு சுருளுக்கும் தனியாகத் திருத்துங்கள். ஸ்டீரியோவை மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, சிம்பல் ஒலி மிகத் துலக்கமாகும் இடத்தில் நிறுத்தினால் போதும். தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலிகள் இருந்தால் அது வரம். மாணவர் டேப்புகளில் அந்த வரம் அரிது.

சேமிப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பிராட்காஸ்ட் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட், நான்கு டிராக்குக்கு 4 ஜிகாபைட். 1,200 அடி டேப் வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 16 நிமிடம்தான் ஓடும். அதனால் ஒரு குழுவின் மொத்தச் சரித்திரமும் சின்ன ஹார்டு டிஸ்கின் மூலையில் அடங்கும். இடம் இல்லை என்ற காரணம் இங்கே எடுபடாது. நான்கு டிராக்குகளையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து எடுங்கள். இரண்டிரண்டாக எடுத்துப் பின்னர் ஒட்டினால் வேகம் நூலிழை மாறி, பொருந்தாமல் நகரும்.

டேப்போடு வரும் காகிதத்தையும் குப்பையையும் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் டேவிஸில் ஸ்காட் மில்லர் 1982இல் தொடங்கிய கேம் தியரி குழுவின் முதல் ஆல்பத்துக்கு உறை அச்சிடப் பணம் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பைப் பையில் தட்டைப் போட்டு, ஜெராக்ஸ் தாள்களை ஒட்டி விற்றார்கள். காப்பக நெறிப்படி பிளாஸ்டிக்கையும் பசையையும் அகற்றிவிட்டு அமிலமற்ற உறைக்கு மாற்றுவது உங்கள் ஊழியரின் கை தானாகச் செய்யும் வேலை. இங்கே அந்தப் பைதான் உறை. தட்டைத் தனி உறையில் வையுங்கள், பையைத் தட்டையாக விரித்துத் தனிக் கோப்பில் வையுங்கள், இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். அதே ஆல்பத்தின் பாடல்கள் சிலவற்றை மில்லர் பிறகு புதிதாகப் பதிந்து 1990இல் வெளியிட்டார். 1982இன் ஆல்பம் 2014இல் மறுவெளியீடாக வந்தது. அதைக் கேட்க மில்லர் இல்லை. 2013 ஏப்ரலில் மறைந்துவிட்டார். "பின்னர் வந்த பதிப்பு எங்களிடம் இருக்கிறது" என்று முதல் மிக்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உங்கள் வளாகத்திலேயே தேட வேண்டிய முதல் இடம் மாணவர் வானொலி. சேப்பல் ஹில்லில் டபிள்யூஎக்ஸ்ஒய்சி 1977இலிருந்து ஒலிக்கிறது. டேவிஸின் கேடிவிஎஸ் அதற்கும் மூத்தது. குழு தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்த டெமோ, நேரலைப் பதிவு, தட்டின் மேல் அறிவிப்பாளர் எழுதி ஒட்டிய சீட்டு எல்லாம் இப்படிப்பட்ட நிலையங்களின் அலமாரிகளில்தான் தங்கும். அந்தச் சீட்டை உரிக்காதீர்கள்.

உரிமை விஷயம் பலரை மிரட்டுகிறது, அவ்வளவு மிரள வேண்டியதில்லை. டேப் என்ற பொருள், அதிலுள்ள ஒலிப்பதிவு, பாடல் ஆகிய மூன்றும் தனித்தனிச் சொத்து. பெட்டியைக் கொடுப்பவர் முதலாவதை மட்டுமே கொடுக்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் கலைந்த குழுவில் மற்ற இரண்டும் பலருக்குப் பங்காக இருக்கக்கூடும். ஆனால் வெளிவராத பதிவைப் பாதுகாப்புக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ள அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு நூலகத்துக்கு இடம் தருகிறது. டிஜிட்டல் பிரதியை நூலகக் கட்டடத்துக்கு வெளியே பொதுமக்களுக்குத் தரக்கூடாது என்பதே கட்டுப்பாடு. எனவே கையெழுத்துகள் சேரும்வரை டேப்பைக் காக்கவைக்க வேண்டாம். முதலில் பிரதி, பிறகு கடிதப் போக்குவரத்து.

கையெழுத்து வாங்கும்போது பாடகரிடம் மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். டிரம்மரையும் பேஸ் வாசித்தவரையும் தேடிப் பிடியுங்கள். பதிவு நடந்த அறை எது, எந்தக் கருவி, டிபிஎக்ஸ் இருந்ததா, பலமுறை வாசித்துப் பதிந்ததில் எந்த டேக்கைத் தட்டுக்கு எடுத்தார்கள் என்ற கேள்விகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து ஒப்பந்தத்தோடு அனுப்புங்கள். பாடலின் பொருள் என்ன என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒலிநாடா மீட்பில் ஈடுபட்டிருக்கும் பவர் பாப் ரசிகர்கள்