பொதுச்சொத்தான படத்துக்கு உரிமக் கட்டணம் வசூலித்தது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) திரையிடலுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது

ஐயா,

நியூஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் மாதாமாதம் பழைய படம் ஒன்றை இலவசமாகத் திரையிட்டு வருகிறோம். இந்தப் படத்தின் டிவிடியை உங்களிடம்தான் வாங்கினோம். திரையிட அனுமதி கேட்டபோது 150 டாலர் உரிமக் கட்டணம் கேட்டீர்கள், கட்டிவிட்டோம். பிறகுதான் இந்தப் படத்துக்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று தெரியவந்தது. பணத்தைக் கேட்டதற்கு, "பதிப்புரிமை 95 ஆண்டுகள், அதாவது 2035 வரை எங்களுடையது" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கு தவறு. 1940-இல் அமெரிக்காவில் நடப்பில் இருந்தது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி முதலில் கிடைப்பது 28 ஆண்டுகள்தான். 28-ஆவது ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பித்தால்தான் உரிமை நீளும். 95 ஆண்டு என்பது அப்படிப் புதுப்பித்த படங்களுக்கே. புதுப்பிக்காமல் விட்டால் 28 ஆண்டு முடிந்ததோடு படம் பப்ளிக் டொமைனுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தலாம் என்ற பொதுச்சொத்து நிலைக்கு, போய்விடும். 1964 முதல் வந்த படங்களுக்குத்தான் 1992-இல் இந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். படத்தைத் தயாரித்த கொலம்பியா நிறுவனம் இதன் உரிமையைப் புதுப்பிக்கவில்லை. பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பதிவுத் தொகுதிகளை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். 1967, 1968 பக்கங்களைப் பார்த்தோம். இந்தப் படத்தின் பெயர் அங்கே இல்லை.

படத்துக்கு அடிப்படையான கதைக்குத் தனியாக மூலக்கதை உரிமை என்று ஒன்று இருப்பதும் எங்களுக்குத் தெரியும். 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் உரிமையை 1974-இல் புதுப்பிக்கத் தவறினார்கள். மூலக்கதையையும் இசையையும் காட்டி 1993-இல் அதன் மேல் மறுபடி உரிமை கோரினார்கள். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்துக்கும் மூலம் உண்டு: பென் ஹெக்ட், சார்லஸ் மக்கார்தர் எழுதிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகம். அது வெளிவந்தது 1928. அதற்கு 95 ஆண்டு முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் அதுவும் எல்லோருக்கும் பொது. நாங்கள் திரையிட்டது அதற்குப் பிறகு.

நீங்கள் இந்தப் படத்தை விற்பதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொதுச்சொத்தை யாரும் விற்கலாம். நீங்களே செய்த அட்டை வடிவமைப்பு, அறிமுகக் காணொளி ஆகியவற்றின் உரிமை உங்களுக்கே. அவற்றை நாங்கள் தொடவில்லை. படத்தையே சொந்தம் கொண்டாடி நூலகத்திடம் பணம் வாங்கியதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. அட்டையில் 'மூலப் பிரதியிலிருந்து புதுப்பித்தது' என்று போட்டிருக்கிறீர்கள். பத்திரிகையாளர் அறைக் காட்சியில் நாலைந்து பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசுவார்கள். இந்தப் படத்தின் உயிரே அந்த வேகம்தான். உங்கள் டிவிடியில் அந்த இடம் முழுக்க ஒரே இரைச்சல். நாயகன் கேரி கிராண்ட் பேசுவது பாதிக்கு மேல் விளங்கவில்லை. படமும் மேலே வெட்டுப்பட்டு, நிற்பவர்களின் தலை தெரியவில்லை. நகலுக்கு நகல் எடுத்ததை இப்படி ஏமாற்றி விற்கலாமா?

கட்டணம் 150 டாலரையும் டிவிடியின் விலையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அட்டையில் உள்ள உரிமை எச்சரிக்கையையும் 'புதுப்பித்தது' என்ற வரியையும் நீக்க வேண்டும். இதேபோல் வேறு நூலகங்களிடம் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் நியூஜெர்சி நுகர்வோர் விவகாரத் துறையில் புகார் செய்வோம்.

இப்படிக்கு,
திரையிடல் ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு: கட்டண ரசீது, உங்கள் மின்னஞ்சலின் நகல், டிவிடி அட்டையின் புகைப்படம்