ஓநாய்க்குட்டிகள் தற்செயலாகக் கிடைத்தனவா?

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய பன்னிரண்டு பக்கக் கட்டுரையை அச்செடுத்து வைத்துக்கொண்டு மூன்று முறை படித்துவிட்டேன். நீ இங்கே விட்டுப்போன ஐந்து தடித்த புத்தகங்களையும் தை மாதம் தொடங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன வாரம்தான் முடித்தேன் என்பதால், உன்னோடு வாதாட எனக்கும் கொஞ்சம் தகுதி வந்திருக்கிறது. ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்ற அந்த மாயக்கதைத் தொடரில் நடக்கும் அத்தனைக்கும் பின்னால், கதை நாட்டின் வட எல்லையான பெருஞ்சுவருக்கு வடக்கே ஒரு குகையில் மரவேர்களோடு பின்னிப்பிணைந்து உட்கார்ந்திருக்கும் பிளட்ரேவன் என்ற ஒற்றைக்கண் கிழவரே இருக்கிறார் என்பது உன் தியரி. அதற்கு நீ அடுக்கியிருக்கும் சான்றுகளைப் பார்த்தபோது, இவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாமே என்று பெருமையாக இருந்தது. பன்னிரண்டு பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாகவும் இருந்தது. உன் ஊர் நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், விடியற்காலை மூன்றரை மணிக்கு அனுப்பியிருக்கிறாய். இரவில் கண் விழிக்காதே.

உன் சான்றுகளில் வலுவானது ஓநாய்க்குட்டிகள்தான். 1996-இல் வந்த முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, தொண்டையில் மான்கொம்பு குத்திச் செத்துக்கிடக்கும் ராட்சத வகைத் தாய் ஓநாயின் அருகே குட்டிகளைக் கண்டெடுக்கிறார்கள். ஸ்டார்க் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். குட்டிகளும் ஆண் மூன்று, பெண் இரண்டு என்று பிள்ளைகளின் கணக்குக்கே பொருந்துகின்றன. புறப்படும் நேரத்தில் அதே வீட்டில் வளரும், முறைப்படி பிறக்காத மகனான ஜான் ஸ்னோவுக்கென்று ஆறாவதாக ஒரு வெள்ளைக்குட்டியும் கிடைக்கிறது. சுவருக்குத் தெற்கே இருநூறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத விலங்கு இப்படி எண்ணி வைத்தாற்போலக் கிடைப்பது தற்செயலாக இருக்க முடியாது, யாரோ கொண்டுவந்து சேர்த்ததுதான் என்கிறாய். அந்தப் பிள்ளைகளில் ஒருவனான பிரானை வெகுகாலமாகக் கவனித்து வந்ததாக 2011-இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில் அந்தக் கிழவரே சொல்லிவிடுவதால், மறுப்பது கடினம்தான்.

ஆனால் அதே புத்தகத்தில், தாம் நேசித்த சகோதரனையும் வெறுத்த சகோதரனையும் விரும்பிய பெண்ணையும் மரங்களின் வழியே இன்னமும் பார்ப்பதாகவும், தம்முடைய சொல் ஒன்றுகூட அவர்களைச் சென்று சேர்ந்ததில்லை என்றும் அவர் சொல்கிறாரே, அதை நீ ஏன் விட்டுவிட்டாய்? பார்க்கிறவர்கள் எல்லாம் ஆட்டுவிக்கிறவர்கள் ஆகிவிட மாட்டார்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். போன மாதம் நீ வீடியோவில் பேசியபோது, உனக்குப் பின்னால் பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி மட்டும் இருந்தன. அன்று நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

மூன்றாம் புத்தகத்தில் ஜான் சுவர்க் காவல் படைக்குத் தளபதியாகும் இரவைப் பற்றி நீ எழுதியிருப்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. வாக்குப் போடும் அண்டாவிலிருந்து அண்டங்காக்கை வெளியே வந்து ‘ஸ்னோ’ என்று கத்துவது அந்தக் கிழவரின் வேலை என்று நான்கு பக்கம் கொடுத்த நீ, ஜானின் நண்பன் சாமுக்கு நான்கு வரிதான் கொடுத்திருக்கிறாய். போட்டியிட்டவர்களில் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் போய், நீங்கள் ஒத்துவராவிட்டால் அரசர் அந்த இன்னொருவரைத்தான் தளபதியாக்கப் போகிறார் என்று பொய் சொல்லி, இருவருக்கும் பொதுவாக ஜானின் பெயரை எடுத்துக்கொடுத்தவன் சாம். காக்கை வந்தது அதற்குப் பிறகுதான். ஸ்டார்க் பிள்ளைகளின் அம்மா கேட்லினை, அரசியின் குடும்பமான லானிஸ்டர்கள் மீது சந்தேகப்பட வைத்ததும் மந்திரம் இல்லை, கூடப் பிறந்த லைசாவின் கையெழுத்து. லிட்டில்ஃபிங்கர் என்ற சூழ்ச்சிக்காரன் சொல்லித்தான் அவள் அதை எழுதினாள் என்பது கேட்லினுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. நம் மீது அன்பு வைத்தவர்களே செய்துவிடும் காரியத்தை எங்கோ குகையில் இருக்கும் ஒருவர் தலையில் ஏன் போடுகிறாய் என்பதே என் கேள்வி.

சாம் பொய் சொல்லும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், கல்லூரி நாளில் நீ பென்சிலால் ‘ஜானுக்குத் தெரிந்தால்?’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பாப்பா, ஏற்காடு மலர்க்கண்காட்சியில் நீ மாப்பிள்ளையைச் சந்தித்தது தற்செயல் அல்ல. அவருடைய அம்மாவும் நானும் பங்குனி மாதமே பேசி முடிவு செய்தது அது. செவ்வாய்ப்பேட்டையில் ஜாதகமும் பார்த்தாயிற்று. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, துணைக்குப் போய் வா என்று உன்னை அனுப்பியதும், அண்ணா பூங்காவில் பார்த்துவிட்டுப் படகுத்துறை வரிசையில் இரண்டு குடும்பமும் முன்னும் பின்னுமாக நின்றதும் எங்கள் ஏற்பாடு. இனி யாரும் எனக்கு வரன் பார்க்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சமையலறையில் நின்று சொன்ன பிறகு, எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றே தடுத்திருப்பார். ஆடியில் நீ நடுங்கிக்கொண்டே வந்து அவரைப் பற்றிச் சொன்னபோது, ஒன்றும் அறியாதவளைப் போல இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏதாவது கேட்டால், ‘நானே எடுத்த முடிவு, நானே சமாளித்துக்கொள்கிறேன்’ என்கிறாய். நீயே தேர்ந்தெடுத்ததால் யாரிடமும் குறை சொல்ல உனக்கு உரிமை இல்லை என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாயோ என்பதுதான் என் பயம். அப்படியானால் அந்தப் பாரத்தில் பெரும்பங்கு என்னுடையது. அதற்காக உன் மனமும் என் கைவேலைதான் என்று எண்ணிவிடாதே. வரிசையில் நிறுத்தியது நாங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரும்வரை நீ அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததாகப் பெரியம்மா சொன்னார்கள், அதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓநாய்க்குட்டிகளை யார் கொண்டுவந்து போட்டிருந்தாலும், ஈரத்துணியில் பால் ஊட்டி வளர்த்தது அந்தப் பிள்ளைகள்தானே.

இரவில் கண் விழிக்காதே என்று சொன்னேன். இந்தக் கடிதம் கிடைக்கும் அன்று மட்டும் விழித்திருந்தாவது கூப்பிடு. திட்டுவதற்காக இருந்தாலும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன். மூன்றாம் புத்தகத்தில் நீ கோடு போட்ட பக்கத்தில் நூல் வைத்து, தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா