செயலாளரின் ஆண்டறிக்கை: 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வாக்காளர் பட்டியல் திருத்தம், மக்களவைத் தேர்தல், அத்தேர்தலையொட்டி உச்ச நீதிமன்றம் அளித்த முக்கியத் தீர்ப்புகள் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டுக்குள் வந்ததால், சோழிங்கநல்லூர்ப் பகுதி வாக்காளர்களுக்காகப் பணியாற்றும் நம் சங்கம் தொடங்கியதிலிருந்து இதுவே வேலை மிகுந்த ஆண்டாக அமைந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வறிக்கை பணிகளைப் பற்றியது மட்டுமே.

சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கையில் தமிழ்நாட்டிலேயே பெரியது. 2024 ஜனவரி 22 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் மாநிலம் முழுவதற்கும் 6.18 கோடிப் பேர் இருக்க, நம் ஒரு தொகுதியில் மட்டும் 6.6 லட்சம் பேர் இருந்தனர். வேலைக்காக வந்து வாடகைக்கு இருப்போர், ஆண்டுதோறும் வீடு மாறுவோர், நகரின் நடுவிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்டோர் எனப் பலவகை மக்கள் வாழும் பகுதியாதலால், பட்டியலில் உள்ள பெயருக்கும் வீட்டில் உள்ள ஆளுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, வாக்களிக்க வாருங்கள் என்று ஊர்வலம் போவதைக் குறைத்துக்கொண்டு, பட்டியலைப் பார்க்கும் வேலையில் இறங்குவது என்று சென்ற பேரவையில் முடிவு செய்தோம். அம்முடிவு சரியானதே என்பது இந்த ஆண்டின் அனுபவத்தில் உறுதியாயிற்று.

சிறப்புச் சுருக்கமுறைத் திருத்தத்திற்கான, அதாவது வாக்காளர் பட்டியலின் ஆண்டுத் திருத்தத்திற்கான, வரைவுப் பட்டியல் 2023 அக்டோபர் 27 அன்று வெளியானது. கோரிக்கைகளும் ஆட்சேபங்களும் கொடுக்க டிசம்பர் 9 வரை அவகாசம் தரப்பட்டது. சங்க உறுப்பினர்கள் தங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியல் பாகத்தைப் பிரித்துக்கொண்டு, தெருத் தெருவாகச் சென்று பெயர்களை ஒப்பிட்டார்கள். இறந்தவர், குடிபெயர்ந்தவர், இருமுறை இடம்பெற்றவர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் கண்ணில் பட்டன. வெளியூர்ப் பத்திரிகையாளர் சிலர் சென்னை மக்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதும்போது, இந்தப் பெயர்களும் சேர்ந்துதான் வாக்குப்பதிவு விழுக்காட்டைக் கீழே இழுக்கின்றன என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை என்பது என் கருத்து.

ஆனால் பெயர் நீக்கத்தில் நாம் காட்ட வேண்டிய எச்சரிக்கை, பெயர் சேர்ப்பில் காட்டுவதைவிடக் கூடுதலானது. படிவம் 7 கொடுத்து ஒருவரின் பெயரை நீக்கக் கோருவது எளிது. 2019 தேர்தலுக்கு முன் ஆந்திரப் பிரதேசத்தில் லட்சக்கணக்கான படிவம் 7 விண்ணப்பங்கள் குவிந்து, வழக்குகள் பதிவானதை உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். தெலங்கானாவில் 2018 சட்டமன்றத் தேர்தல் நாளன்று பெயர் இல்லாமல் பலர் திரும்பிச் சென்றதும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அதற்காக மன்னிப்புக் கேட்டதும் நடந்தவையே. எனவே, ஒருவர் வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்வதை மட்டும் வைத்து எந்த ஆட்சேபமும் எழுப்புவதில்லை என்று நாம் வகுத்துக்கொண்ட விதியை இந்த ஆண்டும் கடைப்பிடித்தோம். இறந்தவர்களைப் பொறுத்தவரை, குடும்பத்தினரே இறப்புச் சான்றுடன் கையெழுத்திட்டுக் கொடுக்க உதவினோம். நீக்குவதற்கு முன் உரியவருக்குத் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 22ஆம் பிரிவிலேயே சொல்லியிருப்பதை அச்சிட்ட சிறு துண்டறிக்கை, வாடகைக் குடியிருப்புகளில் நல்ல பயன் தந்தது.

இவ்வாண்டின் பெரும்பகுதி உழைப்பு பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில்தான் செலவாயிற்று. கூவம் கரையிலும் நகரின் பிற நீர்நிலைக் கரைகளிலும் இருந்து இங்கே கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் பலருடைய பெயர்கள் இன்னும் எழும்பூர், ஆயிரம் விளக்கு போன்ற பழைய தொகுதிகளின் பட்டியலிலேயே நிற்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் பேருந்து மாறி மாறிப் பழைய இடத்துக்குப் போய் வாக்களித்து வந்தவர்கள் உண்டு. போனபோது, குடிபெயர்ந்தவர் என்று நீக்கப்பட்டதை அங்கேதான் அறிந்து திரும்பியவர்களும் உண்டு. பழைய இடத்தில் பெயர் போய்விட்டது, புதிய இடத்தில் சேரவில்லை என்றால், அந்தத் தேர்தலைப் பொறுத்தவரை அவர் வாக்காளரே அல்லர்.

இடம் மாறியவர் எத்தொகுதிக்கு மாறினாலும் படிவம் 8 கொடுத்தால் போதும். படிவம் 6 முதன்முறை சேர்பவருக்கு மட்டுமே உரியது. 2022 ஆகஸ்டில் இந்த மாற்றம் வந்தும், பழைய வழக்கப்படி படிவம் 6ஐ நிரப்பிக் கொடுத்து, இரட்டைப் பதிவுச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களைப் பலமுறை சந்தித்தோம். முகவரிச் சான்று இதைவிடப் பெரிய தடையாக இருந்தது. ஆதாரில் பழைய முகவரி, மின் இணைப்பு வேறு பெயரில், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் என்ற நிலையில் வந்தவர்களே அதிகம். தபால் நிலையச் சேமிப்புக் கணக்குப் புத்தகமும் ஏற்கப்படும் சான்று என்பதால், கணக்கு இருப்பவர்கள் அதில் முகவரியை மாற்றிக்கொள்ள வழிகாட்டினோம். எதுவும் இல்லாதவர்களுக்கு நேரடிக் கள விசாரணை கோரலாம் என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

சிலருக்குத் தயக்கமும் இருந்தது. ஒரு மூதாட்டி எங்களிடம், "அங்க பேரை எடுத்துட்டா, அந்த இடத்துல நாங்க இருந்தோம்னு சொல்ல வேற என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். வாக்காளர் பட்டியல் நில உரிமைக்கோ குடியிருந்ததற்கோ இறுதிச் சான்று ஆகாது என்று விளக்கினோமே தவிர, படிவத்தில் கையெழுத்திடும்படி அவரை வற்புறுத்தவில்லை. பழைய அடையாள அட்டையின் நகலையும் பழைய பட்டியலின் உரிய பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகு சிலர் முன்வந்தார்கள்.

நாம் படிவங்களைத் திரட்டி ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று உறுப்பினர் சிலர் கேட்டனர். மொத்தமாகத் தரும் விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். முறைகேட்டைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆகவே, நவம்பர் மாதச் சிறப்பு முகாம்களுக்கு மக்களையே அழைத்துச் சென்றோம். ஒரு முகாமில் படிவங்கள் தீர்ந்துபோயின. மற்றொன்றில் அலுவலர் நெடுநேரம் கழித்தே வந்தார். எனினும், பணிச்சுமை மிகுந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் பலர், குறிப்பாக அங்கன்வாடிப் பணியாளராகவும் ஆசிரியராகவும் இருந்துகொண்டு இப்பணியையும் பார்த்தவர்கள், நமக்குப் பெருந்துணையாக இருந்தார்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. கடைசி நாளுக்குச் சில நாள்களே இருந்த நேரத்தில் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கின. அந்த வாரம் நம் உறுப்பினர்கள் படிவங்களை விட்டுவிட்டுப் பாலும் உணவும் சுமந்தார்கள். வெள்ளத்தில் அடையாள அட்டையை இழந்தவர்களுக்கு, மாற்று அட்டை கோரும் படிவம் 8ஐ ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நிரப்பிக் கொடுத்தோம்.

ஆதார் எண்ணை இணைக்கும் படிவம் 6பி பற்றிப் பலர் அஞ்சினர். எண் கொடுக்காவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று சில இடங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. அவ்விணைப்பு கட்டாயம் அல்ல என்று 2023 செப்டம்பரில் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் கூறியதை எடுத்துக்காட்டி அந்த அச்சத்தைப் போக்கினோம்.

மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளான மார்ச் 27க்குப் பின் எப்பெயரையும் சேர்க்க இயலாது என்பதை அறியாமல், ஏப்ரலில் நம்மை நாடி வந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. 85 வயது கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி கொடுக்கும் பணியில் மகளிர் குழுவினர் ஈடுபட்டனர். அப்படிவத்தைக் கொடுத்து அது ஏற்கப்பட்டவர் பிறகு வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது. வாக்கைப் பதிவு செய்யும் தேர்தல் அலுவலர் குழு வீட்டுக்கு வரும்போது மருத்துவமனையில் இருந்த ஒரு பெரியவர் இதனால் வாக்கை இழந்தார். அடுத்த முறை இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

வாக்குக்குப் பணம் வாங்காதீர் என்ற நம் பரப்புரையைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன், ஏனெனில் அதில் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பண விநியோகப் புகாரால் நிறுத்தப்பட்ட மாநிலம் இது. தாம்பரம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய் பிடிபட்ட செய்தி இந்த ஏப்ரலில் எல்லார் வாயிலும் இருந்தது. அதே வாரங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருந்த சிறு வியாபாரிகள் பணக் கடத்தலைத் தேடும் தேர்தல் பறக்கும் படையிடம் ரசீதைத் தேடிக்கொண்டு நின்றார்கள். வாங்குகிற ஏழையைக் கண்டித்து ஒட்டும் சுவரொட்டியை இனி அச்சிடுவதில்லை என்று நிர்வாகக் குழு பெரும்பான்மையாக முடிவு செய்துள்ளது. மாற்றுக் கருத்துடையவர்கள் இப்பேரவையில் பேசலாம்.

வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று, சாவடிகளுக்கு 100 மீட்டருக்கு அப்பால் உதவி மேசை அமைத்தோம். கட்சிச் சார்பு இல்லை என்பதைக் காட்டச் சங்கப் பலகையைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை. குடும்ப அட்டையுடன் வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். வாக்காளர் அடையாள அட்டைக்கு மாற்றாக அனுமதிக்கப்பட்ட 12 ஆவணங்களில் அது இல்லை என்பதை இன்னும் பலர் அறியவில்லை. வராதவர், குடிபெயர்ந்தவர், இறந்தவர் பட்டியலில் தன் பெயர் இருந்ததால் வாக்களிக்க முடியாது என்று நினைத்துத் திரும்பிய ஒருவரை மீண்டும் உள்ளே அனுப்பினோம். அடையாளத்தை உறுதிசெய்து அவரை வாக்களிக்க விட வேண்டும் என்பதே விதி, அவ்வாறே நடந்தது. தன் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதாகக் கண்ட ஒருவருக்கு, தேர்தல் நடத்தை விதிகளின் விதி 49P வழங்கும் டெண்டர் வாக்கை, அதாவது தனிச் சீட்டில் அளித்து உறையில் வைக்கப்படும் வாக்கை, கோரிப் பெற உதவினோம்.

அன்று மாலை மாநிலத்தின் வாக்குப்பதிவு 72.09 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் அது 69.46 ஆயிற்று, பின்னர் 69.72இல் நின்றது. தென் சென்னைத் தொகுதிக்கு முதலில் சொல்லப்பட்ட எண்ணும் பெரிதும் குறைந்து, 54 விழுக்காட்டை ஒட்டி முடிந்தது. நாடு முழுவதுமோ நேர்மாறு: முதற்கட்டத்துக்கு ஏறத்தாழ 60 என்று சொல்லப்பட்டது, 11 நாள் கழித்து ஏப்ரல் 30 அன்று 66.14 என வெளியானது. இவ்வேறுபாடுகளே மோசடிக்குச் சான்று என்று நம் சங்கம் சொல்லவில்லை, தொலைபேசிவழித் தோராயக் கணக்கு மாறத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் துல்லியமான எண்ணிக்கை, வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சியில் எழுதப்பட்டு, வேட்பாளர்களின் முகவர்களிடம் நகலாகத் தரப்படுகிறது. அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க ஏன் இத்தனை தயக்கம் என்பதே கேள்வி. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் இது குறித்துத் தொடுத்த மனுவில் மே 24 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே ஆணையம் முதல் ஐந்து கட்டங்களுக்கும் தொகுதிவாரியான வாக்கு எண்ணிக்கையை வெளியிட்டது. சாவடிவாரி எண்ணிக்கை இவ்வறிக்கை எழுதும் வரை வரவில்லை. நம் பகுதியில் பல கட்சிகளின் முகவர்கள் தங்கள் நகல்களைக் காட்டினார்கள். சிலரோ நகலைக் கேட்டு வாங்கவே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

வேட்பாளரின் குற்றப் பின்னணியும் சொத்தும் வெளியே தெரிய வேண்டும் என்று 2002இல் தீர்ப்புப் பெற்ற அதே ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கமும் வேறு சிலரும் நடத்திய வழக்கில்தான், 2024 பிப்ரவரி 15 அன்று கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி மார்ச் மாதம் நடத்திய கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட இளைஞர்கள் மிகுதியாக வந்தனர். வாக்களித்ததைக் காட்ட இயந்திரத்தில் அச்சாகும் ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏப்ரல் 26 தீர்ப்பு ஏற்கவில்லை. சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை மட்டும் எண்ணும் முறையே தொடர்கிறது. இதில் உறுப்பினர்களிடையே இரு கருத்து இருப்பதால் சங்கம் நிலைப்பாடு எடுக்கவில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். அக்டோபர் இறுதியில் வரைவுப் பட்டியல் வெளியாகும் நாள் முதல் ஒவ்வொரு பாகத்துக்கும் இரு உறுப்பினர்கள் பொறுப்பேற்க வேண்டும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய இடங்களில் மறுகுடியமர்ந்தவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணையையே முகவரிச் சான்றாக ஏற்க வேண்டும் என்று மாவட்டத் தேர்தல் அலுவலர்களுக்கு மனு அளிக்க வேண்டும். 2026 சட்டமன்றத் தேர்தலுக்குள் எல்லாக் கட்சி முகவர்களுக்கும் படிவம் 17சி பற்றிப் பொதுவான பயிற்சி ஒன்றை நடத்த வேண்டும். பதினெட்டு வயது நிறைவோர் இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளைத் தகுதி நாளாகக் கொண்டு விண்ணப்பிக்கலாம் என்பதால், கல்லூரிகளுக்குச் செல்லும் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதையும் முதல் தீர்மானத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்