வெருகருக்கு உடம்பும் உடையும் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

விண்கலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் பூனை-மனிதக் கலப்பினமான வெருகரைப் பற்றிய எங்கள் கதைத்தொடருக்கு உடற்கூறு, உடை, உணவு, கல அமைப்பு ஆகிய நான்கு கையேடுகளும் முடிந்துவிட்டன. வெருகர் முழுக்கக் கற்பனை. ஆனாலும் மனித உடம்பில் இரண்டு காதையும் ஒரு வாலையும் ஒட்டினால் அது மாறுவேடம்தான், இனம் ஆகாது என்று உணர்த்தியவர்கள் நீங்கள். எந்த உறுப்பு எந்தக் கருவியோடு மோதும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினீர்கள். உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி அழுத்த உடைப் (உள்ளே காற்றழுத்தம் நிறைந்த விண்வெளி உடை) பொறியாளர்களுக்கு. வாலுக்குத் தனியாக ஓர் உறை தைத்தால் போதும் என்ற எண்ணத்தை ஒரே கணக்கில் மாற்றினீர்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே போகும் அமெரிக்க உடைக்குள் அழுத்தம் 29.6 கிலோபாஸ்கல். 6 செ.மீ. குறுக்களவுள்ள வால் உறையின் நுனியை அந்த அழுத்தம் ஏறக்குறைய 84 நியூட்டன் விசையோடு வெளியே தள்ளும். எட்டரைக் கிலோ எடையை நுனியில் கட்டித் தொங்கவிட்டது போல. காற்றடைத்த ட்யூப் மாதிரி உறை விறைத்து நிற்கும். மடக்கினால் உள்ளே இடம் குறையும், காற்று எதிர்த்துத் தள்ளும், வால் தசை தோற்றுப்போகும். துருத்தி மூட்டுகளை அடுக்கடுக்காக வைக்கலாம்தான். ஆனால் கூடுகிற ஒவ்வொரு மூட்டும் கசிவுக்கு இன்னோர் இடம். ஆகவே நீங்கள் சொன்னபடியே வெருகர் வாலை உடைக்குள் இடுப்பைச் சுற்றி, மெத்தை வைத்த பட்டையில் படுக்க வைக்கிறார்கள். வாலசைவுதான் அவர்கள் பேச்சில் பாதி. வெளிநடையில், அதாவது கலத்துக்கு வெளியே உடை அணிந்து வேலை செய்யும்போது, அந்தப் பாதி அறுந்துபோவதால்தான் தோளில் மூன்று நிற விளக்கு வந்தது.

கையுறை விஷயத்தில் பொறியாளர்களோடு கால்நடை மருத்துவர்களும் சேர்ந்துகொண்டீர்கள். பூனை நகம் சும்மா இருக்கும்போது உள்ளே இருக்கும். மீள்தன்மையுள்ள நார் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. விரலை மடக்கும் தசை இழுத்தால்தான் வெளியே வரும். அழுத்தம் ஏறிய கையுறையிலோ ஒவ்வொரு பிடிக்கும் விரலை வலிந்து மடக்க வேண்டும். அதாவது கருவியை இறுகப் பிடிக்கப் பிடிக்க நகம் நீண்டு, காற்று புகாத உட்படலத்தைக் குத்தும். நகத்தையே எடுத்துவிடலாமே என்று எழுதியிருந்தோம். அது நகத்தை மட்டும் எடுப்பதல்ல, விரலின் கடைசி எலும்பையே வெட்டுவது என்று சொல்லித் தடுத்தீர்கள். அந்தத் தடைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இப்போது கையுறையின் ஒவ்வொரு விரல் நுனியிலும் தையல் விரலுறை போன்ற கடினமான மூடி இருக்கிறது. வெளிநடைக்கு முன் இளஞ்சிவப்பான உயிர்ப்பகுதிக்கு 2 மி.மீ. முன்னே நகத்தை வெட்டிக்கொள்வதும் சட்டம்.

ஹெல்மெட்டில் சிக்கல் காதுகளால் வந்தது. காற்று பின்னந்தலைப் பக்கமிருந்து வந்து, உச்சியைத் தாண்டி முகத்தில் இறங்கி, வெளிவிட்ட மூச்சைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிமிர்ந்த காதுகள் அந்தப் பாதையில் இரண்டு அணைகள். வாய்க்கு முன்னால் கரியமில வாயு தேங்கும். முதலில் தலைவலி, பிறகு மந்தம், பிறகு தவறான முடிவுகள். காதை மடித்து வைத்துக்கொள்ளட்டும் என்பது தீர்வாகாது. மடிந்த காது அச்சத்தின் அடையாளம், கூட வருபவர் ஆபத்தென்று எடுத்துக்கொள்வார். காற்றுக்குழாயை இரண்டாகப் பிரித்து, காதடிக்கு முன்பக்கம் இரண்டு வாய்கள் வைக்கச் சொன்னது எவ்வளவு எளிய வழி!

குளிர்விப்பு உள்ளுடையில் ஏறக்குறைய 91 மீட்டர் தண்ணீர்க் குழாய் தோலைத் தொட்டபடி ஓடுகிறது. நடுவே அடர்ந்த ரோமம் இருந்தால் சூடு குழாய்க்குப் போய்ச் சேராது. பூனைக்கு வியர்வை முக்கியமாகப் பாதங்களில்தான் என்பதால் வேறு வழியும் இல்லை. மார்பிலும் முதுகிலும் தொடையிலும் ரோமம் குட்டையாக அமைந்தது உங்கள் சொல்லால்தான்.

ஒலி வல்லுநர்களே, உங்கள் பங்கை எவ்வளவு சொன்னாலும் தகும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு ஏறக்குறைய 85,000 வரை கேட்கும். பல ஸ்விட்ச் மோட் பவர் சப்ளைகள் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கருவிகள்) இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. நமக்கு அமைதியான அறை, வெருகருக்கு ஓயாத விசில். இதில் நீங்கள் காட்டிய இன்னொன்று கதையையே மாற்றியது: ஊசித்துளை வழியே காற்று கசிந்தால் எழும் சீறலை மீயொலிக் கருவிகள் (மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிப்பவை) 40,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கேட்கின்றன. அப்படியானால் வெருகர் கசிவைக் காதாலேயே கண்டுபிடிப்பார்கள், கலத்தின் மின்கருவிகள் அதே சுருதியில் கத்தாமல் இருந்தால். அதனால் கலத்திலுள்ள எல்லா மின் மாற்றிக் கருவிகளும் 1,00,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றப்பட்டன. சுருள்களும் அதிராதபடி பிசினில் புதைக்கப்பட்டன.

உணவியல் வல்லுநர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் நன்றி. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனைக்கு விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். உலர் தீவனத்தில் 0.1 சதவீதம் போதும். டப்பாவில் அடைத்துச் சூடாக்கிய உணவில், உலர் எடைக் கணக்கில், 0.2 வேண்டும். கலத்தின் உணவெல்லாம் சூடாக்கிப் பையில் அடைத்தது என்பதால் இரண்டாவது அளவே எங்கள் கையேட்டில் இருக்கிறது. பொதுச் சமையலறையில் வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் தனிப் பூட்டில். அவை சிவப்பணுக்களைச் சிதைக்கும். முதலுதவிப் பெட்டியில் பாராசிட்டமால் இருக்கவே கூடாது என்று மூன்று பேர் தனித்தனியே எழுதியிருந்தீர்கள். பூனைக் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். மனிதத் தோழர் காய்ச்சலுக்கு அன்போடு நீட்டும் ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால் அந்தக் காட்சியை மாற்றி எழுதினோம். இனிப்புச் சுவை பூனைக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தாயிற்று. விருந்துக் காட்சியில் பாயசக் கிண்ணத்தை எடுத்துவிட்டோம்.

இயற்பியல் ஆசிரியர்கள் விழும் பூனையைப் பற்றிச் சொன்னவை பெரிதும் பயன்பட்டன. 1894இல் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே எடுத்த தொடர் ஒளிப்படங்களும், 1969இல் கேன், ஷெர் என்ற ஆய்வாளர்கள் தந்த கணக்கும் காட்டுவது இதுதான்: எதையும் பற்றாமலே, இடுப்பை வளைத்து, முன்னுடலையும் பின்னுடலையும் மாறி மாறி முறுக்கி உடம்பைத் திருப்பலாம். ஆனால் எடையின்மையில் எது கீழே என்று உட்காது சொல்லாததால் திரும்பத் தொடங்கும் பூனைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆகவே வெருகர் பிள்ளைகள் கண்ணை ஒரு விளக்கில் நிறுத்தித் திரும்பப் பழகுகிறார்கள்.

பெலிசெட் என்ற பூனையை மறக்கக் கூடாது என்ற வாசகர்களுக்கும் நன்றி. 1963 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியவள் அவள். பின்னர் ஆய்வுக்காகக் கொல்லப்பட்டாள். வெருகர் அந்நாளில் விளக்கணைத்து அமைதி காக்கிறார்கள்.

கடைசியாக, பெயர் தந்த தமிழாசிரியர்களுக்கு. வெருகு என்றால் பூனை; அதன் இளமைப் பெயர் குட்டி, பறழ் என்றாலும் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியலைக் காட்டினீர்கள். அடுத்த பாகத்திலிருந்து கலத்தின் பள்ளிக்குப் பறழகம் என்று பெயர்.

நன்றியுடன்,
வெருகர் கதைத்தொடர்க் குழுவினர்