சைக்கிள் ஓட்டச் சொல்வதற்கு முன்: சாலைகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நகரச் சாலைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது, காற்று மாசு குறையும், பெட்ரோல் செலவு மிச்சம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விழிப்புணர்வுப் பேரணி, ஒரே நிற டி-சர்ட், உறுதிமொழி என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். சரி, பேரணி முடிந்த மறுநாள் அதே சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே யார் ஓட்டுவது? மக்களைத் தடுப்பது பயம்தான். அதுவும் நியாயமான பயம்.

நெதர்லாந்து மக்கள் சைக்கிளோடு பிறந்தவர்கள், நமக்கு அது சரிப்படாது என்று ஒரு பேச்சு உண்டு. அங்கும் 1950களிலும் 60களிலும் கார்கள் பெருகி சைக்கிள்கள் ஓரங்கட்டப்பட்டன. 1971இல் மட்டும் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973இல் கச்சா எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. தனிப் பாதைகள் பெருகியது அதற்கு அப்புறம்தான்.

ஸ்பெயினின் செவில் நகரம் இன்னும் பொருத்தமான உதாரணம். சைக்கிள் பழக்கமே இல்லாத, வெயில் கொளுத்தும் ஊர். 2000களின் பிற்பாதியில், சில ஆண்டுகளுக்குள்ளேயே, நூறு கிலோமீட்டருக்கு மேல் தடுப்புடன் கூடிய பாதைகளைப் போட்டார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டு போடாமல் எல்லாப் பாதைகளையும் ஒன்றோடொன்று இணைத்ததுதான் அதன் சூட்சுமம் என்பேன்.

நீங்கள் போடும் பாதைகளோ பெரும்பாலும் சந்திப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. மிகவும் ஆபத்தான இடத்தில் பெயிண்ட் தீர்ந்துபோகிறது! நேராகப் போகும் சைக்கிளை, திரும்பும் லாரியின் ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்க முடியாமல் போவதால்தான் கொடிய விபத்துகள் பல நடக்கின்றன. இதற்கு நெதர்லாந்துப் பொறியாளர்கள் கண்ட தீர்வு எளிமையானது. சந்திப்பின் மூலையில் சிறிய திட்டு ஒன்றைக் கட்டி, சைக்கிள் பாதையைச் சற்றே விலக்கி வைக்கிறார்கள். வண்டி முக்கால்வாசி திரும்பிய பிறகுதான் சைக்கிளின் குறுக்கே வரும். அப்போது சைக்கிளில் வருபவர் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகத் தெரிவார், வேகமும் குறைந்திருக்கும். சிக்னலில் சைக்கிளுக்குச் சில விநாடிகள் முன்னதாகப் பச்சை விழுந்தால் இன்னும் நல்லது. மேம்பாலம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

தனிப் பாதைக்கு இடமில்லாத குறுகிய தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறையுங்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம் 2021 முதல் பெரும்பாலான தெருக்களில் இதைத்தான் செய்கிறது. ரயில் நிலையங்களில் பூட்டி வைக்க நிழலான, பாதுகாப்பான இடமும் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம்.

எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்ற கணக்கை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள், பெண்கள், வயதானவர்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். அடுத்த சைக்கிள் பாதைத் திட்டத்தை ஒப்பந்தத்துக்கு விடுமுன், வழியில் வரும் ஒவ்வொரு சந்திப்பின் வரைபடத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். எங்கே சிக்கல் வரும் என்பதை, தினமும் அந்த வழியில் ஓட்டும் நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஒருவர்