சுவிஸ் பொன்ட்ரெசினாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. சின்னவள்தான் போனில் எல்லாம் சொல்கிறாளே, பிறகேன் கடிதம் என்று யோசித்துக்கொண்டே பிரித்தேன். அப்பா விழுந்த கதையை அவள் மூச்சுக்கூட விடவில்லை. மினிபஸ்காரன் உரசிக்கொண்டு போனான் என்று நீங்களும் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் முருங்கைக்காய் விலைக்குப் போய்விட்டீர்கள். கை தப்பியது சரி, முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்தார்களா? நோவெண்ணெய் பூசிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்லுவார். அதைக் கேட்க வேண்டாம். மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பாவின் சைக்கிளை விற்றுவிடட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். நானும் இங்கே சைக்கிள்தான் ஓடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஹோட்டல் ஐப்பசி நடுவில் பூட்டினால் மார்கழி நடுவில்தான் திறக்கும். இங்கே பாதி ஊரே அப்படித்தான். கோடைக்கு வந்த சனம் போய்விடும், பனியில் சறுக்குகிற சனம் இன்னும் வந்திருக்காது. வேலை போய்விட்டது என்று பெரியம்மாவிடம் யாரும் கதை கட்டவேண்டாம், இது வருசா வருசம் நடக்கிற வழக்கம். காசு விசயமாகவும் நீங்கள் யோசிக்க வேண்டாம், அதற்கெல்லாம் இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. நல்ல ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் தந்தது கீழ்வீட்டுக் கிழவர். கருவாடு பொரித்த அன்று வந்து கதவைத் தட்டினாரே, அவரேதான். அன்றைக்குச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுசன் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, இரண்டு பக்க ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அஞ்சு நிமிசம் நடுவீட்டில் நின்றார். வெளியே உறைபனி. பிறகு தானே பூட்டிவிட்டு, இனி இப்படித்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெர்னினா ரயில் பாதையில் பனி அள்ளுகிற வேலையில் இருந்தவராம். 1910-இல் முழுக்கத் திறந்த பாதை அது. 2,253 மீற்றர் ஏறி, அந்தப் பக்கம் இத்தாலியில் தீரானோ வரைக்கும் இறங்கும். சிவப்பு ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்போதெல்லாம் பல்கனிக்கு வந்து நேரம் பார்ப்பார். பிந்தினால் அன்றைக்கு முகம் சரியிராது. ரொமான்ஷ், ஜெர்மன், இத்தாலியன் மூன்றும் பேசுவார், ஆனால் மூன்றிலும் கொஞ்சமாகத்தான்.

ஹோட்டல் பூட்டின பிறகு நான் படியில் குந்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கவேண்டும். நிலவறையிலிருந்து ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். வளைந்த ஹாண்டில், தடித்த ரயர். கிறவல் றோட்டில் ஓடுவதற்கென்றே செய்தது. அப்பா கேட்டால் சிரிப்பார். நம்மூரில் கிறவல் றோட்டில் ஓடத் தனிச் சைக்கிளா வைத்திருந்தோம்? வன்னிக்குப் போகும்போதும் அதே லுமாலா சைக்கிள்தானே. நான் நம்மூர் வழக்கத்தில் கல் மாதிரி வருமட்டும் காற்றடித்தேன். கிழவர் வால்வை அமுக்கிப் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ரயரைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார், கொஞ்சம் உள்ளே போகவேண்டும். காற்றுக் குறைந்தால் ரயர் கல்லின்மேல் துள்ளாமல் அதைத் தழுவிக்கொண்டு போகிறது. இறக்கத்தில் சறுக்காது, கையும் விறைக்காது. மணி மட்டும் இல்லாமல் போகக்கூடாது என்று தேடி எடுத்துப் பூட்டினார். அங்கே நடக்கிறவர்களுக்குத்தான் முதலிடமாம்.

அவர் சொன்ன இடம் ரோசெக் பள்ளத்தாக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பாதை பிரிந்து காட்டுக்குள் போகிறது, ஏழு கிலோமீற்றர் அளவில். வெளிக் கார்களுக்கு அனுமதி இல்லை. சீசனில் குதிரை வண்டிகள் போகும், இப்போது அதுவும் இல்லை. ஏற்றம் என்று பெரிதாக இல்லை, இருநூறு மீற்றர் சொச்சம்தான், ஆனால் நாங்கள் இருப்பதே 1,800 மீற்றரில். நுவரெலியா உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூச்சு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது.

லார்ச் மரம் என்று ஒன்று, ஊசி இலை மரம்தான், ஆனால் இலை உதிர்க்கும். இந்த மாதம் அது முழுக்க மஞ்சள். உதிர்ந்த ஊசியெல்லாம் சக்கரத் தடத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் ஆறு, பனிக்கட்டி உருகி வருகிற தண்ணீர். அது போய் இன் ஆற்றில் விழுந்து, இன் டான்யூபில் விழுந்து, கடைசியில் கருங்கடலுக்குப் போகிறது. தாய்லாந்து மிளகாய் விற்கிற கடைகூட இல்லாத இந்த மூலையிலிருந்து! காட்டுக்குள் நின்று கையில் விதையை வைத்து நீட்டினால் சின்னக் குருவிகள் வந்து விரலில் குந்துகின்றன. நகம் பட்டதுதான் தெரியும், பாரம் தெரியாது. இன்னொரு பறவை, புள்ளி போட்டது, பைன் விதைகளை எடுத்துக்கொண்டுபோய்க் குளிர்காலத்துக்கென்று மண்ணுக்குள் ஒளிக்கிறது. அது எடுக்காமல் விட்டதுதான் பிறகு மரமாக முளைக்கிறதாம். பள்ளத்தாக்கின் முடிவில் மரங்கள் விலகும். நேரே பீஸ் ரோசெக் மலை, பக்கத்தில் பனிப்பாறை. அதற்குப் பின்னால் பீஸ் பெர்னினா, 4,049 மீற்றர். படத்தில் பார்த்தால் நம்பமாட்டீர்கள், சின்னவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் சைக்கிள் இருக்கையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நீங்கள் பின்னி அனுப்பின தொப்பியை ஹெல்மெட்டுக்குள் போட முடியவில்லை, அதனால் படுக்கும்போது போடுகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. கிழவர் ஒருநாள் மலூன்ஸ் தந்தார். அவித்த உருளைக்கிழங்கைத் துருவி, மாவில் பிரட்டி, பட்டரில் மெல்ல மெல்ல வறுத்து உதிர்க்கிறது. கண்ணுக்குக் குரக்கன் புட்டு மாதிரியே இருந்தது. நான் ஆசையாக வாயில் வைத்தால், தொட்டுக்கொள்ள அப்பிள் பழக் கூழை நீட்டுகிறார்! சம்பல் எங்கே என்று அவரிடம் எப்படிக் கேட்பது? சூரிச்சுக்குப் போனால் தமிழ்க்கடையில் எல்லாம் வாங்கலாம். போக நேரம் கிடைக்கவில்லை.

கோடையில் ஒரு லீவு நாளில் இரவல் சைக்கிள் ஒன்றில் சில்வப்ளானா ஏரிப் பக்கம் போயிருந்தேன். வெயில் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு மலோயாக் கணவாய்ப் பக்கத்திலிருந்து காற்று இறங்கும். மற்றப் பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று மேலே ஏறுமாம், இங்கே மட்டும் கீழே இறங்குகிறது. பாய் கட்டின பலகையில் ஏரியில் ஓடுகிறவர்கள் அதற்காகவே வந்து தவம் கிடக்கிறார்கள். எனக்கு எதிர்க்காற்று. குனிந்து மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கிறது. நம்மூர் வல்லைவெளிக் காற்றேதான், அம்மா. ரியூசன் முடிந்து வரும்போது அப்பா முன்னால் குனிந்து மிதிப்பார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் நீங்கள் தேத்தண்ணியோடு படலையில் நிற்பீர்கள்.

ரோசெக்கில் வாகனம் இல்லை, ஹோர்ன் இல்லை, யாரும் உரச மாட்டார்கள். உண்மையில் ஆளே இல்லை. நம்மூரில் படலையைத் திறந்து சந்திக்குப் போகிறதுக்குள் எத்தனை பேர், "எங்க தம்பி போறாய்?" என்று? அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இங்கே அன்றைக்கு ஏழு கிலோமீற்றர் போய்த் திரும்பி வரும்வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. கிழவர் படியில் நின்று "எப்படி?" என்று கேட்டபோது, பதில் சொல்லத் தொண்டையைச் செருமவேண்டி இருந்தது.

சரி, அதை விடுங்கள்.

சைக்கிளை விற்க வேண்டாம். விற்றால் அப்பா ஓட்டோவில் போகமாட்டார், நடந்துதான் போவார், அது இன்னும் மோசம். முழங்கால் சரியானதும் ஓடட்டும், ஆனால் பருத்தித்துறை றோட்டால் அல்ல. பள்ளிக்கூடத்துப் பின்பக்க ஒழுங்கையால் போய்க் கோயில் வீதியில் ஏறலாம், கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். பின் மட்காட்டில் சிவப்பு ஒளிப்பட்டி ஒட்டச் சொல்லுங்கள். சின்னண்ணையிடம் சொன்னால் அவன் செய்வான், இரண்டு தரம் சொல்லவேண்டும்.

மூத்தக்காவின் பிள்ளைக்குச் சாமத்தியவீடு தை மாதம் என்று எழுதியிருந்தீர்கள். சங்கிலி என் பொறுப்பு என்று முந்தியே சொன்னது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த நாளை மாசிக்கு வைக்க முடியுமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும் போல் இருக்கிறது என்று சொல்லுங்கள். தையில்தான் வைக்கவேண்டும் என்றால் கடையில் சொல்லிவைத்து எடுங்கள், காசை நான் தை முடிவில் போடுகிறேன். சீட்டுக்காரி கேட்டாலும் அதே பதில்தான்.

வேலி விசயம். குஞ்சியப்பு ஒரு முழம் தள்ளிக் கதியால் நட்டதற்காக அப்பா நோயோடு போய்ச் சத்தம் போட வேண்டாம். மழை விட்டதும் நில அளவைக்காரரைக் கூப்பிட்டு அளக்கலாம். அதுவரைக்கும் காணி உறுதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டாலும் சரி. அலுமாரியில் மேல்தட்டில், அம்மம்மாவின் கூறைக்கு அடியில் இருக்கிறது. சின்னவளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், போனமுறை மாதிரி கைவிரலையும் சேர்த்து எடுக்காமல்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருக்கப்போகிறேன் என்று அடம் பிடிக்க வேண்டாம். பிறஷர் குளிசையை வெறுவயிற்றில் போட முடியாது. ஒருநேரம் சாப்பிட்டு விரதம் பிடித்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: வேலியைப் பற்றி நான் எழுதினது குஞ்சியப்புவின் காதுக்குப் போகக்கூடாது. போன சித்திரையில் என்னை விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டது அவர்தான்.